சிலோன்காரர் வீட்டுப் பிள்ளையைப் பட்டாளம் நம்புமா?

கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். தம்பி பட்டாளத்தில் சேர ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பெரியவர், “சிலோன்காரன் வீட்டுப் பையன், நாளைக்கு ஒரு சண்டை வந்தால் இவனை நம்புவானா?” என்று சொல்லப்போக, வீடே குழம்பிக் கிடக்கிறது. அதோடு பொதுவாகவும் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் வந்த நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்தபோது அவர்களைச் சந்தேகப்பட்டார்களா, ரத்தம் சிந்தின பிறகாவது அது போனதா என்று. தம்பியைப் பற்றியது சட்டக் கேள்வி. அதற்குப் பதில் சின்னது, கடைசியில் சொல்கிறேன். ரத்தம் சிந்தினால் சந்தேகம் போகுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் குன்னூர்க்காரன். ராணுவத்தின் கல்விப் பிரிவில் ஹவில்தாராகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றேன், மொத்தம் 24 வருஷம். ரங்ரூட்டுகளுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு, ஹிந்தி, வரைபடம் பார்ப்பது, போர் வரலாறு எல்லாம் சொல்லிக்கொடுக்கிற வேலை. கடைசிச் சில வருஷங்கள் வெலிங்டனில், நம் ஊர் வழக்கில் பேரக்ஸில். நடுவே 1988இல் தொடங்கி ஒன்றரை வருஷம் அமைதிப்படையோடு இலங்கையில் இருந்தேன். ஆகவே கீழே வருவதில் பெரும்பகுதி படித்தது, கொஞ்சம் பட்டது. எது எதென்று பிரித்தே சொல்கிறேன். நான் பட்டது ஒரே பட்டாலியனில், ஒரே மாவட்டத்தில். அதை வைத்து மொத்தப் படையையும் எடை போட முடியாது.

சந்தேகப்பட்டார்களா என்றால், ஆம். அரசாங்கமே எழுத்தில் போட்டுச் சந்தேகப்பட்டது. இதற்கு ஏராளமாக ஆவணம் இருப்பது அமெரிக்காவின் ஜப்பானியர் விஷயத்தில்தான். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது, ஜப்பானியக் குடியேறிகளின் பிள்ளைகள் சில ஆயிரம் பேர் ஏற்கெனவே அமெரிக்கப் படையில் இருந்தார்கள். அங்கேயே பிறந்தவர்கள், குடியுரிமை உள்ளவர்கள். அவர்களில் பலரிடம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சமையலுக்கும் துப்புரவுக்கும் அனுப்பினார்கள். சிலரை வீட்டுக்கே அனுப்பினார்கள். புதிதாகப் படைக்குச் சேரும் வயதில் இருந்த பையன்களை ‘எதிரி நாட்டு அந்நியர்’ என்ற வகுப்பில் தள்ளிவிட்டார்கள். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட 9066ஆம் ஆணையின் பேரில், மேற்குக் கரையோரம் இருந்த ஏறத்தாழ 1,20,000 பேரை வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போகச் செய்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள்.

மறு வருஷமே ஆள் தேவைப்பட்டது. அதே முகாம்களுக்கு ஆள் எடுக்கப் போனார்கள். போகும்போது ஒரு கேள்வித்தாளையும் கொண்டுபோனார்கள். 27ஆவது கேள்வி, சொன்ன இடத்தில் போய்ச் சண்டை போடத் தயாரா என்றது. 28ஆவது கேள்வி, அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருந்து ஜப்பான் சக்கரவர்த்தியிடம் உள்ள விசுவாசத்தைக் கைவிடுகிறாயா என்றது. திருடாதவனைக் கூப்பிட்டு ‘இனிமேல் திருடமாட்டேன் என்று எழுதிக்கொடு’ என்பது போலத்தான் இது. எழுதிக் கொடுத்தால் முன்பு திருடினதாக ஆகிவிடும், கொடுக்காவிட்டால் இன்னும் திருடுகிறான் என்று ஆகிவிடும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதியவர்களைத் தனி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ‘ஆம்’ என்று எழுதிச் சேர்ந்தவர்களும், ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பையன்களும் சேர்ந்ததுதான் 442ஆவது படைப்பிரிவு. பையன் இத்தாலியில் சண்டை போடுகிறான், அவனுடைய அம்மா அப்பா அமெரிக்க ராணுவம் காவல் நிற்கிற வேலிக்குள் இருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் ரங்ரூட்டுகள் முதலில் நம்ப மாட்டார்கள்.

1944 அக்டோபரில் பிரான்ஸின் வோஜ் மலைக்காட்டில், நம் மலையின் ஆடி மாதம் போன்ற மழையிலும் மூடுபனியிலும், ஜெர்மானியர் சூழ்ந்துகொண்ட டெக்சாஸ் பட்டாலியன் ஒன்றை மீட்க இவர்களை அனுப்பினார்கள். மீட்கப்பட்டவர்கள் 211 பேர். அதற்காக இவர்கள் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறத்தாழ 800 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இவர்களைப் பலியாடாகத்தான் முன்னால் தள்ளினார்களா? அங்கே இருந்தவர்களில் பலர் ஆம் என்று சாகும்வரை சொன்னார்கள். வரலாற்றாசிரியர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. இவர்களை அனுப்பிய தளபதி எல்லாப் படைகளையும் அப்படித்தான் விரட்டினார் என்பாரும் உண்டு. எனக்குத் தோன்றுவது: இனத்தைப் பார்த்துச் சாகடிக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டிருக்க வேண்டியதில்லை. தன்னை நிரூபித்தே ஆகவேண்டும் என்று இருப்பவனை அனுப்பினால் அவன் திரும்பி வரமாட்டான் என்பது எந்த அதிகாரிக்கும் தெரியும். இது என் ஊகம்தான், ஆவணம் இல்லை.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் உலுக்குவது 442ஐ விட, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கூட்டம். ஜப்பானிய மொழி தெரிந்தவர்களுக்கென்று அமெரிக்க ராணுவம் 1941 நவம்பரிலேயே, போர் தொடங்கும் முன்பே, சான்பிரான்சிஸ்கோவில் ரகசியமாக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் குடியேறிகளின் பிள்ளைகள். ஜப்பானியர் யாரும் மேற்குக் கரையில் இருக்கக்கூடாது என்று ஆணை வந்ததும் அந்தப் பள்ளியையே உள்நாட்டில் மின்னசோட்டாவுக்கு மாற்றவேண்டி வந்தது! போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,000 பேர் அங்கே பயின்றார்கள். பசிபிக் தீவுகளிலும் பர்மாக் காட்டிலும் பிடிபட்ட காகிதங்களைப் படித்தார்கள், கைதிகளை விசாரித்தார்கள், எதிரியின் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். முகத்தைப் பார்த்து எதிரி என்று சொந்தப் படைக்காரனே சுட்டுவிடுவான் என்பதால், களத்தில் இவர்களுக்குக் கூடவே ஒரு மெய்க்காவலன். அவன் யாரிடமிருந்து காப்பாற்றுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். இவர்கள் செய்த வேலை 1970கள் வரை ரகசியமாகவே இருந்தது. ஊரில் ‘நீ போரில் என்ன செய்தாய்’ என்று கேட்டால் பதில் சொல்லக்கூட வழியில்லை.

எந்த மொழிக்காகச் சந்தேகப்பட்டார்களோ அந்த மொழிக்காகவேதான் அவர்கள் தேவைப்பட்டார்கள். நான் வேறு போர்களில் பார்த்ததும் இதுவே, பட்டதும் இதுவே.

பட்டதைச் சொல்கிறேன். பட்டாலியன் பெயர் வேண்டாம். வடக்கத்திய பட்டாலியன், கல்வி ஹவில்தாராக என்னை அதோடு இணைத்திருந்தார்கள். அதில் தமிழ் தெரிந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆகவே பாடம் நடத்தப் போனவன் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். வவுனியா பக்கம் ஒரு செக்போஸ்ட். ஒருநாள் காலை, சாக்குப்பையோடு ஒரு அம்மா வந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். விறகுக்கு என்றார். என் பேச்சைக் கேட்டதும், “தம்பிக்கு எந்த ஊர்?” என்றார். குன்னூர் என்றேன். அவ்வளவுதான். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து குடிசை போட்டவர்கள். தங்கச்சி குடும்பம் மட்டும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியா போய்விட்டது. கோத்தகிரி என்றார்கள், அப்புறம் கூடலூர் என்றார்கள், இப்போது கடிதமே இல்லை. “அங்கேயும் கொழுந்துதானே எடுக்கிறார்கள்? பனி கொட்டுமா?” என்று கேட்டார். தை மாதம் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும் அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

பக்கத்தில் நின்ற ஹவில்தார் என்ன சொன்னாள் என்றார். விறகுக்குப் போகிறாள் என்றேன். “பத்து நிமிஷம் பேசி இவ்வளவுதானா?” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்று மாலையிலிருந்து நான் யாரிடம் பேசினாலும் பக்கத்தில் ஒரு சிப்பாய் வந்து நின்றுகொள்வான். அவனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. எதைக் கண்காணிக்கச் சொல்லி அனுப்பினார்களோ, பாவம், எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதே வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, கிடைத்த துண்டுக் காகிதம் ஒன்றைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். படித்துச் சொன்னேன், அதை நம்பித்தான் மறுநாள் எந்த வழியாகப் போவது என்று முடிவெடுத்தார்கள்.

அந்த ஹவில்தாரை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். சில நாள் முன்புதான் கண்ணிவெடியில் கூடப் பழகினவனை இழந்திருந்தார். தனக்குப் புரியாத மொழியில் ஒருவன் சிரித்துப் பேசினால் அவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். தப்பு என் பக்கமும் இருந்தது. சுருக்கிச் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன், தங்கச்சி கதை, கொழுந்துக் கதை, ஆட்டுக்குட்டி காணாமல் போன கதை உட்பட. இரண்டு வாரத்தில் அவரே அலுத்துப்போய், “மாஸ்டர்ஜி, விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்” என்றார். சிப்பாயையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் குடியேறியவன்கூட இல்லை, குன்னூரில் பிறந்தவன். பேசுகிற மொழி ஒன்றே போதுமாக இருந்தது.

பிரிட்டன் செய்ததும் இதே மாதிரிதான். ஹிட்லருக்குத் தப்பி ஓடி வந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய யூதர்களை 1940இல் எதிரி நாட்டார் என்று பிடித்து அடைத்தார்கள். ஒரு கப்பலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். படையில் சேர வந்தவர்களுக்கு முதலில் மண்வெட்டி வேலை செய்கிற பயனியர் பிரிவு மட்டும்தான். 1942இல் ஜெர்மன் பேசத் தெரிந்த கமாண்டோக்கள் தேவைப்பட்டபோது அவர்களிலிருந்தே ஆள் பொறுக்கி ஒரு தனிக் குழு அமைத்தார்கள். எதிரியிடம் சிக்கினால் துரோகி என்று சுட்டுவிடுவான் என்பதால் எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர் வைத்துப் புதுக் கதை சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் துரோகிப் பட்டம் கிடைக்கக் காத்திருக்கிற ஒருவன் இரவில் எப்படித் தூங்குவான் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நம் ஆள் ஒருவர் கதையும் உண்டு. பகத்சிங் திந்த், பஞ்சாபி, படிக்க அமெரிக்கா போனவர். 1918இல் அங்கே படையில் சேர்ந்து தலைப்பாகையோடு பணியாற்றி நற்சான்றுடன் வெளியே வந்தார். சீருடையில் இருந்தபோதே குடியுரிமை கிடைத்தது. சில நாளில் அதைப் பறித்தார்கள், வெள்ளையர் இல்லை என்று. மறுபடி விண்ணப்பித்தபோது இந்தியாவில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த கதர் என்ற புரட்சிக் கட்சியோடு தொடர்பு என்ற சந்தேகத்தையும் அதிகாரிகள் கிளப்பினார்கள். நீதிமன்றம் கொடுத்தது. அரசு மேலே போயிற்று. 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கென்று 1935இல் வந்த தனிச் சட்டத்தின் பேரில்தான் 1936இல் அது கடைசியாகக் கையில் நின்றது. போருக்குப் பிறகு 18 வருஷம்.

சரி, சந்தேகம் எப்போதுமே ஆதாரம் இல்லாததா? இந்த இடத்தில் நேர்மையாக இருக்கவேண்டும். ஜப்பானியர் விஷயத்தில் விடை தெளிவு: பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த குழு, மேற்குக் கரையில் அவர்கள் உளவோ நாசவேலையோ செய்ததற்கு ஆவணமாக ஒன்றுகூட இல்லை என்றது. ஆனால் கட்சி மாறியவர்களும் உண்டு. 1846இல் தொடங்கிய மெக்சிகோப் போரில், அமெரிக்கப் படையிலிருந்த அயர்லாந்துக் குடியேறிகள் பலர் எதிர்ப்பக்கம் ஓடிப்போய், புனித பாட்ரிக் பெயரில் ஒரு பட்டாலியனாகவே நின்று சண்டை போட்டார்கள். பிடிபட்டதும் 1847இல் ஏறத்தாழ 50 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஏன் ஓடினார்கள் என்பதில் ஒரே பதில் இல்லை. கத்தோலிக்கர் என்று அதிகாரிகள் இழிவாக நடத்தினது, கொடூரமான தண்டனைகள், மெக்சிகோ தருவதாகச் சொன்ன நிலம், மூன்றுமே சொல்லப்படுகின்றன. முதல் இரண்டுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். நம்பாதே நம்பாதே என்று நடத்தினால் ஒருநாள் நம்பமுடியாதவனாகவே ஆகிவிடுகிறவனும் இருக்கிறான். ஆனாலும் அதே படையில் ஆயிரக்கணக்கான அயர்லாந்துக்காரர்கள் ஓடாமல் நின்றார்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

பாடம் நடத்தினவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த உதாரணம் 1918ஆம் வருஷத்துக் கார்டன் முகாம், ஜார்ஜியா மாநிலம். அப்போது அமெரிக்கப் படையில் ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆங்கிலம் புரியாமல் ஆணைக்குத் திருதிருவென விழிப்பவனை முரடன், விசுவாசமில்லாதவன் என்று சொல்லி எடுபிடி வேலைக்கு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே அவர்களை மொழிவாரியாகப் பிரித்து, அந்த மொழி தெரிந்த அதிகாரிகளை வைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே ஆங்கிலமும் கற்பித்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் சீக்கிரமே போர்முனைக்குப் போகத் தயாரானார்கள். ஹிந்தி புரியாமல் விழிக்கிற எத்தனை தேனி, தர்மபுரிப் பையன்களைத் திமிர் பிடித்தவன் என்று எழுதப் பார்த்தார்கள் தெரியுமா? அதில் பாதி வெறும் மொழிப் பிரச்சினை.

இப்போது உங்கள் கேள்வி: ரத்தம் சிந்தினால் போயிற்றா? கூட நின்று சண்டை போட்டவனிடம் போயிற்று, அதுவும் சீக்கிரமாக. இதை அநேகமாக எல்லாப் போர் நினைவுகளிலும் காணலாம், நானும் பார்த்தேன். போரைப் பார்க்காத ஊரிடம் போகவில்லை. 442இல் வலது கையை இழந்த டேனியல் இனோவே, பதக்கங்கள் தொங்கும் சீருடையோடு வீடு திரும்பும் வழியில் முடிவெட்டிக்கொள்ளப் போனார். ஜப்பானியருக்கு இங்கே வெட்டுவதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் செனட்டர் ஆனார், அது வேறு. ஆரிகன் மாநிலத்தில் ஹுட் ரிவர் என்ற ஊரில், போருக்குப் போன உள்ளூர்ப் பிள்ளைகளின் பெயர்ப் பலகையிலிருந்து 16 ஜப்பானியப் பெயர்களை 1944 நவம்பரில் அழித்தார்கள். வோஜ் காட்டில் அவர்கள் மாட்டிக்கொண்டவர்களை மீட்ட அடுத்த மாதம் அது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகே அடுத்த வருஷம் திரும்ப எழுதினார்கள். 1946இல் அதிபர் ட்ரூமன் மழையில் நின்று 442இன் அணிவகுப்பை ஏற்றுப் பாராட்டினார். ஆனால் அந்தச் சிப்பாய்களின் அப்பா அம்மா குடியுரிமை பெறச் சட்டம் 1952 வரை இடம் கொடுக்கவில்லை. மன்னிப்பும் ஆளுக்கு 20,000 டாலரும் 1988இல் வந்தன. நான் வவுனியாவில் நின்றிருந்த அதே வருஷம். ரத்தம் ஒரு வாதத்தைக் கொடுத்தது, அதைத் தூக்கிக்கொண்டு வக்கீல்களும் பிள்ளைகளும் நாற்பது வருஷம் அலைந்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு சென்னையில் கப்பலிலிருந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அந்தப் பணியில் ஏறத்தாழ 1,200 பேர் உயிர்விட்டிருந்தார்கள். முதல்வரின் காரணங்கள் அரசியல் காரணங்கள், இலங்கைத் தமிழர் பட்ட பாட்டை வைத்துப் பார்த்தால் அதில் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அங்கே தமிழன் என்று பார்த்தார்கள், இங்கே பட்டாளத்தான் என்று பார்த்தார்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய நண்பர், “அங்கே போய் நம்ம சனத்தையே…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தை அவர் இன்றுவரை முடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி தம்பி. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொண்ட 5,25,000 பேர் கணக்கில் வந்த குடும்பம் உங்களுடையது. அவர்களுக்காகவே 1968இல் இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அந்த ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர்கள். அகதியாக வந்தவர்கள் சட்டம் வேறு, உங்களுக்கு அது பொருந்தாது. தம்பி இங்கே பிறந்த இந்தியன். இன்னொன்று லயத்துப் பெரியவரிடம் சொல்லுங்கள்: அதிகாரிகளுக்கான தேர்வு அறிவிப்பிலேயே, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினர் தகுதிச் சான்றோடு விண்ணப்பிக்கலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நேபாளத்துக் குடிமக்களான கூர்க்காக்கள் சுதந்திரத்திலிருந்து நம் படையில் இருக்கிறார்கள்.

நடைமுறையில் தடங்கல் வரக்கூடிய இடம் போலீஸ் விசாரணை. அதில் விசுவாசத்தைத் தேடுவதில்லை, காகிதத்தைத்தான் தேடுவார்கள். தாத்தாவின் பழைய கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை, அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், தம்பியின் பிறப்புச் சான்றிதழ், இவற்றில் பெயர் எழுத்து ஒன்றுக்கொன்று மாறாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தோட்டத்துப் பதிவுகளில் முனியாண்டி முனியண்டியாகி, அப்பா பெயர் தாத்தா பெயராகி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாறியிருந்தால் தாசில்தார் அலுவலகத்துக்கு நாலு நடை ஆகும், ஆள் எடுக்கும் தேதிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சண்டை வந்தால் அவனைப் பக்கத்தில் நிற்பவன் எப்படிப் பார்ப்பான் என்று என்னால் சொல்ல முடியாது, அது அந்தப் பக்கத்து ஆளைப் பொறுத்தது. ஹிந்தி மட்டும் இப்போதே கொஞ்சம் பழகச் சொல்லுங்கள். ஓட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1,800 மீட்டர் உயரத்தில் தினமும் ஓடுகிறவனுக்குக் கீழே சமவெளியில் 1.6 கிலோமீட்டர் ஓடும்போது மூச்சு மிச்சமிருக்கும். வெயிலுக்குத்தான் பழகவேண்டும், பத்து நாள் முன்பே மேட்டுப்பாளையத்தில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.